சாக்பீஸ் நம்பர்

மகனுக்கு வாங்கிய புது ஷூவின் உள்ளே சாக்பீஸ் கீற்று ஒன்று இருந்தது. தோலும் பசையும் கலந்த அந்த வாசனையில், எண்பதுகளின் ஆம்பூரும் அம்மாவின் முந்தானையும் நினைவுக்கு வந்தன.

ஷூ கம்பெனியில் இருபது தையல் பெண்களுக்கு அம்மா சூப்பர்வைசர். தையல் கோணிய பீஸில், தைத்தவளின் டோக்கன் நம்பரைச் சாக்பீஸால் எழுதி, எல்லோரும் பார்க்க மாட்டிவைப்பார்கள். தினமும் அம்மாவின் முந்தானையில் சாக்பீஸ் தூள் இருக்கும். துணி ஊறவைப்பது என் வேலை என்பதால், ஏது இந்தத் தூள் என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். அம்மா முந்தானையை உதறிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

ஒரு மாலை, அம்மாவிடம் புதிதாகச் சேர்ந்த ஸ்டெல்லா அக்கா அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள்.

"இன்னாக்கா இது? நான் கெடுத்த பீஸுல என் நம்பர முந்தானையால அழிச்சிட்டு உங்க நம்பர எழுதுறீங்களாமே? மேனேஜர் உங்களத் திட்டுறாரு."

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "உனக்கு எதுக்கு இந்தப் பேஜாரு? சூப்பர்வைசர் வேலையே போய்டும்."

"அவளுக்குத் தைக்கக் கத்துக்குடுத்தது நான்தானே? அப்ப என் நம்பர்தான்," என்றாள் அம்மா.

மறுநாள் முந்தானை சுத்தமாக இருந்தது.

"இன்னிக்கு யாரும் கெடுக்கலியாம்மா?"

"ஸ்டெல்லா ஒண்ணு கெடுத்தா. நான் போறதுக்குள்ள அவளே தன் நம்பர எழுதி மாட்டிட்டா." அம்மா சிரித்தாள்.

ஷூவை வைத்துவிட்டு, என் ஆபீஸில் நடந்த ஒரு தவறு பற்றி மேலதிகாரிக்கு நான் எழுதியிருந்த கடிதத்தை எடுத்தேன். தவறு செய்தவர் என்று புதிதாக வந்த பெண்ணின் பெயர் அதில் இருந்தது. அவளுக்கு வேலை பழக்கியது நான்.