சிவப்புப் பொட்டு வைத்த முடிச்சு

தான் செய்த கெடுதியைத் தானே படம் பிடித்து, அதற்குப் பரிசும் வாங்கிய ஒருவன் எதற்காக வெட்கப்பட வேண்டும்? செய்ததற்கா, வாங்கியதற்கா, இரண்டுக்கும் நடுவில் வாய்மூடி இருந்ததற்கா? மில்ரனை நினைக்கும்போதெல்லாம் நான் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறேன்.

மில்ரன் என் தங்கை ஜெனிஸ்ராவின் கணவன். மன்னாரில் ஒரு கந்தோரில் படவரைஞன். சனிக்கிழமைகளில் பாலத்தடியில் தூண்டில் போடுவான். மாசியில் பூநாரைகள் வந்தால் கமராவும் கூடவே போகும். இரண்டிலும் சுமாரான கெட்டிக்காரன். அதற்குமேல் சொல்ல மாட்டேன்.

தூண்டில் வேலையை அவன் கைத்தொலைபேசியில் வீடியோ பார்த்துப் பழகியவன். தங்கூசி என்ற நைலோன் நரம்பில் கொளுக்கியைக் கட்டியபின், முடிச்சு வழுகாமல் இறுகட்டும் என்று ஜெனிஸ்ராவின் சிவப்புக் கியூடெக்ஸ் நகப்பூச்சில் ஒரு பொட்டு வைப்பான். பாலத்தடியில் வலை வீசும் ஓலைத்தொடுவாய்க் கிராமத்து யாகப்பருக்கு அது பெரிய பகிடி.

“என்ன கந்தோர்க்காரர், இண்டைக்கும் மீனுக்குப் பொட்டு வைக்க வந்தனீங்களோ?”

“நீங்கள் சிரியுங்கோ அண்ணை. விளைமீன் வந்தால் தெரியும்.”

விளைமீன் வந்ததைவிடக் கொளுக்கி கல்லில் சிக்கியதுதான் அதிகம். சிக்கினால் மில்ரன் கத்தியை எடுத்துத் தங்கூசியை வெட்டிவிடுவான். தூண்டில் போடும் யாகப்பரின் ஆட்கள் அப்படி விடமாட்டார்கள். இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கழற்றிக்கொண்டுதான் வருவார்கள்.

அந்த மாசியில் ஒரு காலை, கூட்டத்தை விட்டுத் தனியே நின்ற பூநாரை ஒன்றை மில்ரன் கண்டான். காலில் தங்கூசி சுற்றியிருந்தது. அது இறக்கையை விரிப்பதும் இழுபட்டு விழுவதுமாக இருந்தது. முப்பத்தொரு படம் எடுத்த பிறகுதான் அவன் தண்ணீரில் இறங்கினான். அதற்குள் பறவை தங்கூசியை இழுத்தபடியே எட்டாத ஆழத்துக்குப் போய்விட்டது.

வீட்டில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, காலில் ஒரு சிவப்புத் துளி தெரிந்தது.

“இரத்தமோ?” என்றாள் ஜெனிஸ்ரா. பிறகு இன்னும் கிட்டக் குனிந்தாள். “இஞ்சேருங்கோ, உது என்ர கியூடெக்ஸ் எல்லே?”

மில்ரன் படத்தை மூடிவிட்டான். மூன்று நாள் கழித்து, சூழல் சங்கமொன்று நடத்திய போட்டிக்கு அந்தப் படத்தையே அனுப்பினான். விண்ணப்பத்தில் தலைப்பு கேட்டிருந்தார்கள். ‘மீனவர் விட்டுச் சென்றது’ என்று எழுதினான்.

முதற்பரிசு கிடைத்தது. பாடசாலை மண்டபத்தில் விழா. மீனவர்களுக்கு விழிப்புணர்வு வேண்டும் என்று சொல்லி யாகப்பரையும் அவருடைய சங்கத்து ஆட்களையும் அழைத்துப் பின்வரிசையில் இருத்தியிருந்தார்கள். கொழும்பிலிருந்து வந்த நடுவர் அந்த ஆளுயரப் படத்தைக் காட்டி, “இந்த ஒரு துளி இரத்தம் உங்கள் மனச்சாட்சியைத் தொடவில்லையா?” என்று பின்வரிசையைப் பார்த்துக் கேட்டார். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பிறகு மைக்கை மில்ரனின் கையில் கொடுத்தார்கள்.

“எல்லாருக்கும் நன்றி,” என்றான். “நாங்கள் எல்லாரும் கவனமாக இருக்க வேண்டும்.”

முன்வரிசையில் இருந்த நான் கைதட்டினேன். ஜெனிஸ்ரா எனக்கு எல்லாம் சொல்லியிருந்தாள். இருந்தும் தட்டினேன்.

கூட்டம் கலைந்தபோது யாகப்பர் படத்தின் முன்னால் நின்று, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உற்றுப் பார்த்தார். பக்கத்தில் வந்த மில்ரனிடம் மெதுவாகத்தான் சொன்னார்.

“தம்பி, இது இரத்தமில்லை. எங்கட பொடியள் முடிச்சுக்கு எச்சில்தான் தடவுறவங்கள். பொட்டு வைக்கிறேல்லை.”

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் மில்ரன் என்னையும் கூட்டிக்கொண்டு ஓலைத்தொடுவாய்க்குப் போனான். யாகப்பர் கரையோர வாடிக் கொட்டிலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

“அண்ணை, அது என்ர தங்கூசிதான். படம் அனுப்ப முதலே எனக்குத் தெரியும்.”

அவர் தலை நிமிரவில்லை. “அதை ஏன் இஞ்ச வந்து சொல்லுறாய்? அண்டைக்கு மைக் உன்ர கையிலயெல்லே இருந்தது.” நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, “இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ ரெண்டு பேரும்,” என்றார்.

அவர் ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவனும் நானும் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினோம்.

யாகப்பர் கதையை ஊருக்குள் மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை. பாலத்தடியில் இளைஞர்கள் மில்ரனைப் ‘பொட்டர்’ என்று கூப்பிடத் தொடங்கினார்கள். அவன் இனித் தூண்டிலைத் தொடமாட்டான் என்று நினைத்தேன். அவன் விற்றது கமராவை. சனிக்கிழமைகளில் வழக்கம்போலப் பாலத்தடிக்குப் போனான். கொளுக்கி சிக்கினால் காற்சட்டையோடு தண்ணீரில் இறங்கினான். கரையிலிருந்தவர்கள் விசிலடித்தார்கள்.

அவன் படும் பாட்டைப் பொறுக்காமல் ஜெனிஸ்ரா கடையில் நிறமில்லாத நகப்பூச்சு ஒன்று வாங்கி வந்தாள்.

“இதைப் பூசுங்கோ. முடிச்சும் இறுகும், ஒருத்தருக்கும் தெரியாது.”

மில்ரன் போத்தலை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். அதை அலுமாரியில் வைத்துவிட்டு, சிவப்பை எடுத்து முடிச்சில் பொட்டு வைத்தான்.