ராணியின் விருந்தில் நான் நீட்டிய வரவேற்புரை

பிள்ளைகளே, எனக்கு மைக் பிடிக்கிற வேலை ரொம்பப் பிடிக்கும். மலேசியாவில் எங்கள் பத்து பாகாட் ஊர்ப் பக்கம் கோயில் திருவிழா என்றால் வரவேற்புரை நான்தான். படித்தது மூன்றாம் பாரம், அதாவது ஒன்பதாம் வகுப்பு வரைதான். ஆனால் தலைவர், துணைத்தலைவர், செயலாளர் என்று ஒருவர் விடாமல் வரிசையாகச் சொல்லிப் பொன்னாடை போர்த்தி முடிப்பேன். அதற்குள் சாம்பார் ஆறிவிடும். என்ன செய்வது? ஒரு பெயரை விட்டால் அவர் அடுத்த திருவிழா வரை என்னோடு பேசமாட்டார். இந்தப் பழக்கம்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கவிழ்க்கப் பார்த்தது.

என் பெரியவளுக்குப் பதினான்கு வயது. அவளும் தோழிகளும் வாராவாரம் ஒரு விளையாட்டு விளையாடுவார்கள். பலகை கிடையாது. ஒருத்தி கதை நடத்துவாள். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரம். "நான் கதவை உடைக்கிறேன்" என்று ஒருத்தி சொன்னால் இருபது முகம் உள்ள பகடையை உருட்டுவாள். பெரிய எண் விழுந்தால் கதவு உடையும். சின்ன எண் விழுந்தால் தோள்பட்டை உடையும்.

சரி, கதை நடக்கிற நாடு எங்கே? அது ஒரு தடிப் புத்தகத்துக்குள். மலை, ஆறு, ராணி, பிரபுக்கள், அவர்கள் தின்கிற ரொட்டி வரைக்கும் யாரோ உட்கார்ந்து யோசித்து அச்சடித்திருக்கிறார்கள். அதைப் பெரியவள் அட்டை போட்டுக் காப்பாற்றி வந்தாள். பக்கத்தில் தேநீர்க் கோப்பை வரக்கூடாது.

கதை நடத்திய தோழி குடும்பத்தோடு சிங்கப்பூர் போய்விட்டாள். ஆட்டம் நின்றது. புத்தகம் அலமாரி உச்சிக்கு ஏறியது. அவள் அதை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"நான் நடத்துறேன்மா."

"நீங்களா? சும்மா இருங்கப்பா லா."

மூன்று நாள் கெஞ்சினேன். கடைசியில் இறங்கி வந்தாள். "ஒரே ஒரு வாட்டி. புத்தகத்துல உள்ள மாதிரியே நடத்தணும். போரடிச்சா புத்தகத்தை யாருக்காவது குடுத்துடுவேன். அப்புறம் கேக்கக்கூடாது."

மூன்று வாரம் படித்தேன். பக்கங்களைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு, துணித் தொழிற்சாலையில் ஓய்வு மணி அடித்ததும் அகராதியும் கையுமாக உட்கார்ந்துவிடுவேன். "என்ன அண்ணே, பரீட்சையா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். பொய்யில்லையே!

ஞாயிறு மத்தியானம், சாப்பாட்டு மேசை. பெரியவள் மந்திரக்காரி. ஒன்பது வயதுச் சின்னவள் ராட்சசி. தோழிகள் வராமல் ஆள் குறைந்ததால் என் மனைவியும் வந்தாள். "நான் திருடி," என்றாள். "இந்த வீட்டுல யார் எதை ஒளிச்சாலும் நான்தானே கண்டுபிடிக்கிறேன்?"

புத்தகத்திலிருந்தே கதையை எடுத்தேன். ராணி விருந்து வைக்கிறாள். மேடைக்குப் பின்னால் காவல்காரன் நிற்கும் ஓர் அறை. அதில் முத்திரை மோதிரம். இவர்கள் அதை எடுத்துக்கொண்டு தப்பிக்க வேண்டும்.

எழுந்து நின்றேன். மைக் மாதிரி ஒரு கரண்டி கையில் வந்தது எப்படி என்று தெரியாது.

"பெருமதிப்பிற்குரிய மகாராணியார் அவர்களே! வடக்குக் கோட்டைப் பிரபு அவர்களே! அவருடைய தம்பியார் அவர்களே!"

படித்ததெல்லாம் வரிசையாக வந்தது. கிழக்கு மலைக்காரர்கள், அவர்கள் மாமனார்கள், கருவூலத் தலைவர். சின்னவள் மேசையில் தலையைச் சாய்த்துவிட்டாள். பெரியவள் என்னைப் பார்க்கவில்லை. அவள் கை மெதுவாகப் புத்தகத்தை மூடியது. நிறுத்தலாம்தான். ஆனால் மேற்குப் பிரபுவை விட்டால் அவர் கோபித்துக்கொள்வாரே!

அப்போது என் மனைவி கேட்டாள். "ஏங்க, எல்லாரும் மேடையைத்தானே பாத்துக்கிட்டு இருக்காங்க?"

"ஆமா. வரவேற்புரை நடக்குதுல்ல."

"காவல்காரன்?"

"அவனும்தான். மரியாதைக்கு."

"அப்ப நான் பின்பக்கமா உள்ள போறேன்."

பகடை உருண்டது. பதினேழு! பெரியவள் துள்ளி நிமிர்ந்தாள். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

"அப்பா, நிறுத்தாதீங்க! நீங்க நிறுத்துனா எல்லாரும் அம்மா பக்கம் திரும்பிடுவாங்க!"

பிள்ளைகளே, இத்தனை வருடம் மைக் பிடித்ததில் என்னைப் பார்த்து 'நிறுத்தாதீங்க' என்று சொன்ன முதல் ஆள் அவள்தான். பறந்தேன்! பூட்டுக்கு உருட்டினாள் என் மனைவி. மூன்று. இன்னும் பிரபுக்கள். மறுபடி உருட்டினாள். ஐந்து. "அலமாக்!" என்று கத்திய பெரியவள் புத்தகத்தைத் திறந்து பக்கம் பக்கமாகப் புரட்டினாள். "துறைமுகத் தலைவரை விட்டுட்டீங்க! அவர் மருமகன்!" பதினாறு விழுந்தது. மோதிரம் கிடைத்தது. ஆனால் புத்தகத்தில் பெயர்கள் தீர்ந்துபோயின. திருடி இன்னும் உள்ளேதான் இருக்கிறாள்.

"காவல்காரன் லேசா திரும்புறான்," என்றேன். நானே சொல்லவேண்டியிருந்தது, என்ன கொடுமை!

"அப்பா, யாரையாவது சொல்லுங்க!"

"புத்தகத்துல இல்லையேமா."

அவள் புத்தகத்தைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். "பரவால்ல லா! சொல்லுங்க!"

"மோர்ப்பந்தல் அமைச்சர் அவர்களே! தேங்காய் உடைக்கும் தளபதி அவர்களே! செருப்பு வைக்கும் இடத்தைக் கட்டிக்காக்கும் பிரபு அவர்களே!"

சின்னவள் நாற்காலி மேல் ஏறிவிட்டாள். "நான் ராணிக்குப் பொன்னாடை போத்துறேன்!" கைதுடைக்கிற துணி என் கழுத்தில் விழுந்தது. பகடையில் இருபது! அரண்மனையே எழுந்து கைதட்டியது. அந்தச் சத்தத்தில் திருடி ஜன்னல் வழியாகக் குதித்தாள். நாங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினேன். பெரியவள் கையில் பென்சில். ராணியின் சபை உள்ள பக்கத்தைத் திறந்து, ஓரத்தில், அச்சு எழுத்துக்குப் பக்கத்திலேயே எழுதிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, செருப்புப் பிரபுவுக்கு எந்த ஊரு?"

"யோங் பெங்," என்றேன், யோசிக்காமல். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் நாலு சாலை கூடுகிற ஊர் அது.

அவள் வரைபடத்தை விரித்தாள். நாலு சாலை கூடுகிற இடமாகத் தேடி, அங்கே ஒரு புள்ளி வைத்தாள். என் தேநீர்க் கோப்பை புத்தகத்தை ஒட்டியே இருந்தது. அவள் அதைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு ஊர்ப் பெயரை எழுதினாள்.