உட்காராத விமலா மிஸ்

செவ்வாய்க்கிழமை காலை, தோட்டங்களிலிருந்து அன்றைய ஆள் கணக்கான பெரட்டு விவரம் வந்துகொண்டிருந்த நேரத்தில் ஹனிபா நானா அழைத்தார். பதுளை பஸாரில் இரும்புக்கடை வைத்திருப்பவர். என்னை அழைக்க அவருக்கு ஒரு காரணமும் கிடையாது. அதனால் எடுக்கும்போதே மனம் சரியில்லை.

“சேர், மேல்மாடி மிஸ் மௌத்தாகிட்டாங்க. நெஞ்சு வலின்னாங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போற வழியிலயே முடிஞ்சிருச்சு.”

எழுந்து நின்றேன். எங்கே போவதென்று தெரியாமல் அலுவலகத்துக்குள்ளேயே நடந்தேன். அப்படி நடப்பது விமலா மிஸ்ஸின் வழக்கம். என்னை ஒருநாளும் அது தொற்றியதில்லை. அன்றிலிருந்து தொற்றிக்கொண்டது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஹனிபா நானாவின் கடைக்கு மேலே, ஒரு அறையில், நிறுவனங்களுக்குப் பயண ஏற்பாடு செய்து தரும் ஏஜென்சி ஒன்றை நடத்தியவர் விமலா மிஸ். எங்கள் தேயிலைக் கம்பனி, ஒரு ஆடைத் தொழிற்சாலை, எல்லவில் இரண்டு ஹோட்டல்கள், இவ்வளவுதான் அவருடைய வாடிக்கையாளர்கள். விமானச் சீட்டு, விசாப் படிவம், காப்புறுதி, வேன், தங்குமிடம் என்று எல்லாவற்றையும் அவரே பார்ப்பார். கொஸ்லந்தப் பக்கத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில் பிறந்தவர். மழை விழுந்தால் மண் சரியுமோ என்று மலையைத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் பதுளைக்கு வந்த பிறகும் அவரை விட்டுப் போகவில்லை.

கம்பனியின் பிராந்திய அலுவலகத்துக்கு நிர்வாக அதிகாரியாக நான் வந்த முதல் வாரம், ஒரு கையெழுத்துக்காக அவருடைய அறைக்குப் போனேன். நல்ல நாற்காலி ஒன்று இருந்தது. அவர் நின்றுகொண்டிருந்தார். நானும் மரியாதைக்காக நின்றேன். கால் வலித்ததுதான் மிச்சம்.

“நீங்க உக்காருங்க சேர். எனக்கு ரெண்டு பேர் இன்னும் ரோட்டுல இருக்காங்க.”

அவர் அனுப்பிய யாராவது வழியில் இருந்தால் அவர் உட்காரமாட்டார். போனைக் காதில் வைத்தபடி சன்னலுக்கும் கதவுக்கும் நடப்பார். போனவர் அழைத்து “சேர்ந்தாச்சு மிஸ்” என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் நாற்காலி. எங்கள் பெரிய துரையே ஒருமுறை சிங்கப்பூரில் இறங்கியதும், மனைவிக்கு முன்னால் மிஸ்ஸுக்குச் சொல்லிவிட்டு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அவருடைய பயண அட்டவணையைப் போல நான் எங்கும் கண்டதில்லை. புறப்படும் நேரம், போய்ச் சேரும் நேரம் ஆகியவற்றோடு, ‘கோயிலில் தேங்காய் உடைக்க இருபது நிமிடம்’ என்று இருக்கும். கொழும்புப் பாதையின் வளைவுகளுக்காக, ‘பெரகல இறக்கத்தில் வாந்தி எடுக்கப் பத்து நிமிடம்’ என்றும் இருக்கும். கம்பனித் தலைப்பு போட்ட தாளில் இதைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் தொழிற்சாலைகளில் தேயிலை பதப்படுத்தும் டீமேக்கர்கள் ஆறு பேர் தேயிலை இயந்திரம் பார்க்கக் கோயம்புத்தூர் போக வேண்டியிருந்தது. அந்த அட்டவணையில் இரண்டு வரிகளையும் சிவப்புப் பேனாவால் வெட்டினேன். விடியற்காலை நாலரைக்குப் புறப்பட வேண்டிய வேனை ஐந்து மணிக்கு மாற்றினேன்.

“இது ஆபீஸ் பயணமா, கல்யாண வீட்டுப் பயணமா மிஸ்?” என்று கேட்டேன்.

“நீங்க வெட்டினாலும் அவங்க எறங்கத்தான் போறாங்க சேர். எழுதி வச்சா நேரத்துக்குப் போவாங்க. அவ்வளவுதான்.”

அந்தப் பதில் எனக்குச் சுட்டது. கொழும்பில் ஒரு ஏஜென்சி, கைபேசியிலேயே எல்லாவற்றையும் ஒரு நிமிடத்தில் முடித்துத் தருவதாக எழுதியிருந்தது. இந்தப் பயணத்தைப் பரீட்சார்த்தமாக அவர்களிடம் கொடுத்தேன்.

பயண நாளன்று ஆறு பேரும் கோயிலில் இறங்கினார்கள். இறக்கத்திலும் இறங்கினார்கள். பெரகல தாண்டியதும் மண் சரிந்து பாதை மூடியிருந்தது. கொழும்பு ஏஜென்சியிடம் வழி கேட்டால், கைபேசித் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்ததாம். டீமேக்கர் கந்தசாமி பழைய ஞாபகத்தில் மிஸ்ஸை அழைத்துவிட்டார். அடுத்து எனக்கு மிஸ்ஸிடமிருந்து அழைப்பு வந்தது.

“சேர், வேன கொஸ்லந்த வழியா வெல்லவாயவுக்கு எறக்கி விட்டுட்டேன். ஆனா டிக்கெட் என் கையில இல்ல. குடுத்த ஏஜென்சிதான் அத மாத்த முடியும். நீங்க அவங்களப் புடிங்க, வேன நான் பாத்துக்கிறேன்.”

என்னால் யாரையும் பிடிக்க முடியவில்லை. ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது’ என்று ஒரு குரல் மதியம் வரை சொல்லிக்கொண்டிருந்தது. வேன் விமான நிலையத்தை அடைந்தபோது கவுண்டர் மூடி இருபத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. நான் வெட்டியது அரை மணி நேரம். ஆறு பேரையும் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் கட்டுநாயக்கவில் தங்க வைத்து, சோறு வாங்கிக் கொடுக்க ஆளும் பிடித்தவர் விமலா மிஸ். அந்தப் பயணத்தில் அவருக்கு ஒரு பங்கும் இல்லை. அன்று முழுவதும் அவர் நின்றே இருந்தார் என்று ஹனிபா நானா பிறகு சொன்னார்.

தலைமை அலுவலகம் விளக்கம் கேட்டது. ‘மழை காரணமாக’ என்று எழுதினேன். இரண்டு வரிகளை வெட்டியதை எழுதவில்லை. வேனைத் திருப்பிவிட்டது யார் என்பதையும் எழுதவில்லை. தவறு மழையுடையது என்று ஆனதால், கொழும்பு ஏஜென்சிக்கே ஒப்பந்தம் போய்விட்டது. வருமானம் குறைந்ததும் மிஸ் தம்மிடம் வேலை பார்த்த பெண்ணை ஹனிபா நானாவின் கடையில் சேர்த்துவிட்டுத் தனியாக வேலையைத் தொடர்ந்தார்.

ஒருநாள் மார்க்கட் வாசலில் எதிர்ப்பட்டார். விளக்கக் கடிதத்தின் கதை எப்படியோ அவர் காதுக்கும் போயிருந்தது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

“விடுங்க சேர். மழ மேல பழி போட்டா மழைக்கு என்ன நட்டம்?” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்றுவரை என்னை ஓரிடத்தில் இருக்க விடவில்லை. அன்றைக்கே மன்னிப்புக் கேட்டிருக்கலாம். வெட்கமும் வீம்பும் தடுத்தன. பிறகு கேட்கலாம் என்று இருந்துவிட்டேன்.

அவரைப் பிறந்த தோட்டத்திலேயே, தாய் தந்தையர் பக்கத்தில் அடக்கம் செய்ய முடிவானது. அவருடைய கணவர் என்னிடம் வந்து, “பத்து வேன் வருது சேர். ஒரு நேர அட்டவண போட்டுத் தருவீங்களா? வீட்டுல எதுன்னாலும் அவதான் போடுவா” என்று கேட்டார். என் கதை அவருக்குத் தெரியுமோ, தெரியாதோ. போட்டுக் கொடுத்தேன். ‘பெரகல இறக்கத்தில் பத்து நிமிடம்’ என்று முதல் வரியாக எழுதினேன். பத்து வேன்களும் அங்கே நின்றன. முதலில் இறங்கியவர் கந்தசாமி.

நேற்று தலைமை அலுவலகத்துக்கு உண்மையை எழுதிவிட்டேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், அது சரிதான்.

அடக்கத்தன்று, எல்லாம் முடிந்து வேன்கள் பதுளைக்குத் திரும்பின. கந்தசாமி இறங்கியதும் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். மிஸ்ஸை அழைக்கப் போன கை அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார். நானும் என் போனைக் கையில் எடுத்திருந்தேன். அங்கே அவர் சொல்லாததை இங்கே சொல்லி விடைபெறுகிறேன்.

எல்லாரும் சேர்ந்தாச்சு மிஸ். உட்காருங்க.