கலர்க்காரர் வளர்த்த லெட்யூஸ்

நாடக அரங்கில் இருபத்திரண்டு வருடம் விளக்கு போட்டவர் அவர். காட்சிக்குக் காட்சி நிறத்தை மாற்றிப் போட்டதில் 'கலர்க்காரர்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

கூரையைப் பழுதுபார்க்க அரங்கை எட்டு மாதம் மூடினார்கள். சும்மா இருக்க முடியாமல் அவருக்குக் கை பரபரத்தது. மனைவியோ ஜன்னல் இல்லாத பின்னறையில் மூன்று இரும்பு அடுக்குகள் வைத்து, டியூப்லைட் வெளிச்சத்தில் சிவப்பு லெட்யூஸ் என்ற சாலட் கீரையும் கடுகு முளையும் வளர்த்து ஒரு மருத்துவமனை கேன்டீனுக்குக் கொடுத்துவந்தார். மனைவி வெளியே போயிருந்த ஒரு காலையில், கலர்க்காரர் ஓர் அடுக்குக்கு நீல விளக்கும் இன்னொன்றுக்குச் சிவப்பும் மாட்டிவிட்டார்.

திரும்பி வந்த மனைவி கதவைத் திறந்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"இது கீரை ரூமா, டிராமா மேடையா?"

கெஞ்சிக் கூத்தாடி மூன்று வாரம் தவணை வாங்கினார் கலர்க்காரர். அந்த வெளிச்சத்தில் இலையெல்லாம் கறுப்பாகத் தெரிந்ததால், அழுகலைக் கண்டுபிடிக்க மனைவி கையில் டார்ச்சோடு நடமாட வேண்டியிருந்தது. அதற்கும் கலர்க்காரர் அவரிடம் தினம் ஒரு பாட்டு வாங்கினார்.

மூன்றாவது வாரம் சிவப்பு விளக்கின் கீழ் இருந்த லெட்யூஸ் நெடுநெடுவென்று, ஆனால் வெளிறிப்போய் நின்றது. நீலத்தின் கீழ் இருந்தது குட்டை. இலை மட்டும் கருஞ்சிவப்பு. அதன் எடை டியூப்லைட் அடுக்கில் பாதிகூடத் தேறாது என்று மனைவி சொன்னதும் கலர்க்காரரின் முகம் தொங்கிப்போனது.

மனைவியின் தங்கை உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். மூன்று அடுக்கிலிருந்தும் மனைவி இலை பறித்து, பைகளில் எண் மட்டும் போட்டுக் கொடுக்க, சத்தைச் சோதிக்க எடுத்துப்போனாள். நான்கு நாள் கழித்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ரெண்டாம் நம்பர்லதான் ஆன்டிஆக்சிடன்ட் ஜாஸ்தி. அது எந்த லைட்டு மாமா?"

அவர் வாயைத் திறக்குமுன், "நீலம்" என்றார் மனைவி, கொஞ்சம் மெதுவாக.

நீல ஒளி இலைக்குச் சற்று உறைக்குமாம். தன்னைக் காத்துக்கொள்ள இலை சிவப்பு நிறமியைக் கூடுதலாக உண்டாக்குமாம். அந்த நிறமியே உடம்பைக் காக்கும் ஓர் ஆன்டிஆக்சிடன்ட் என்று தங்கை விளக்கினாள். செடிக்குச் செடி மாறும், ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்க வேண்டாம் என்றும் சொல்லிவைத்தாள். அவள் சொன்னது சரிதான். கடுகு முளையில் நீலம் பெரிதாக எதையும் சாதிக்கவில்லை.

சத்து இருந்தாலும் எடை வேண்டுமே? கலர்க்காரர் இரண்டு நாள் அடுக்குகளின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பிறகு மனைவியிடம், "நாடகம் முழுக்க ஒரே கலரையா போடுறோம்? முதல்ல சிவப்புல வளரட்டும். கடைசி அஞ்சு நாள் நீலத்துக்கு மாத்திடுவோம்" என்றார்.

இந்த முறை மனைவி மறுக்கவில்லை. அப்படி வளர்த்த லெட்யூஸ் வளர்ந்தும் இருந்தது, சிவந்தும் இருந்தது. பரிசோதனையில் முழுக்க நீலத்தில் வளர்ந்ததற்கு மிக அருகில் வந்தது. கேன்டீன் சமையல்காரர் நிறத்தைப் பார்த்தே வாரத்துக்கு இரண்டு கூடை கூடுதலாகக் கேட்டார்.

அரங்கு திறந்ததும் கலர்க்காரர் மாலை வேலைக்குத் திரும்பினார். பின்னறையில் இப்போது ஐந்து அடுக்குகள். கடுகு முளைக்கு எந்த நிறம் ஒத்துவரும் என்று அக்காவும் தங்கையும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அவரைக் கேட்காமலே விளக்கை மாற்றிவிடுகிறார்கள் என்பதுதான் கலர்க்காரருக்கு ஒரே குறை.