லோர்னா போகாத ஆகஸ்ட்

லோர்னா சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எங்கள் ஊர் லேண்டரில் நாங்கள் இருவரும் ஒரே பள்ளிக்கூடத்துக்குப் பஸ் ஓட்டுகிறோம். ஆகஸ்ட் பிறந்தால் புருஷன் வேட், பெண்கள் ஜோலீன், பெர்டி மூவரையும் கிளப்பிக்கொண்டு விண்ட் ரிவர் மலைக்குள் போய்விடுவாள். கூடாரம், அடுப்பு, சாப்பாடு எல்லாம் முதுகில்தான். சின்னவள் பெர்டி நடக்கப் பழகும் முன்பே அம்மா முதுகில் உட்கார்ந்து கணவாய் தாண்டியவள்.

இந்த ஜூனில் அவள் பஸ் படியில் வழுக்கி விழுந்து, வலது முழங்காலில் ஆபரேஷன் ஆகிவிட்டது. இந்த வருஷம் மலையை மறந்துவிடுங்கள் என்றார் டாக்டர்.

"அப்ப நாங்களும் போகலை" என்றான் வேட்.

"ஏன், நான் செத்தா போயிட்டேன்? கிளம்புங்க மூணு பேரும்."

விரட்டி அனுப்பியவளால் வீட்டில் இருக்க முடியவில்லை. ஃபிரிட்ஜைக் கழுவினாள். கழுவியதையே மறுபடி கழுவினாள். எனக்குப் போன் மேல் போன்.

"வேட் கூடாரத்தைக் காத்தடிக்கிற பக்கமாத்தான் போட்டிருப்பான். மழை வருது, பாத்தியா?"

"இங்க வெயில் கொளுத்துது, லோர்னா."

"மேல வரும்டி."

அவர்கள் சனிக்கிழமை இறங்குவதாகப் பேச்சு. அன்று விடிந்ததும் கைத்தடியோடு என் வாசலில் நின்றாள். "வண்டியை எடு."

மலையடிவாரத்தில் மண்பாதை முடியும் இடத்தில் வண்டியை நிறுத்தினேன். "ஓடை வரைக்கும் போயிட்டு வந்துடலாம்" என்று நடக்கத் தொடங்கினாள். அவள் பையை நான் சுமந்தேன். கனத்தது. திறந்து பார்த்தால் உள்ளே, ராத்திரி படுக்கிற ஸ்லீப்பிங் பேக்.

"ஓடைக்குப் போக இது எதுக்கு?"

"குளிரும்."

ஓடையைத் தாண்டினோம். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு புல்வெளி வரை வந்துவிட்டாள். அங்கே மரக்கிளை முனகினாலும் எழுந்து நின்றாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள்.

மத்தியானத்துக்கு மேல் சிரிப்புச் சத்தம்தான் முதலில் வந்தது. பிறகு மூக்குத் தோல் உரிந்த பெர்டி ஓடி வந்தாள்.

"அம்மா! அடுப்பு நான்தான் பத்த வெச்சேன்! அப்பா சாக்ஸை எரிச்சுட்டாரு!"

"காய வெச்சேன்" என்றான் வேட், பின்னால் வந்தபடி.

"மூஸ் மான்!" என்றாள் ஜோலீன். அவ்வளவுதான், மூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். லோர்னாவும் சிரித்தாள். ஆனால் கை கைத்தடியை இறுக்கிப் பிடித்திருந்தது.

"நான் இல்லாம கஷ்டமா இருந்துச்சா?"

ஜோலீன் பொய் சொல்லத் தெரியாத பெண். "முதல் நாள் இருந்துச்சும்மா."

லோர்னா கைத்தடியைப் புல்லில் படுக்கவைத்தாள். பிறகு சொன்னாள்: "இன்னிக்கு இங்கேயே தங்கலாமே."

"அய்யோ அம்மா! பர்கரை நினைச்சுக்கிட்டேதான் இவ்வளவு தூரம் இறங்கினேன்!" என்றாள் ஜோலீன்.

வேட் மனைவியின் காலைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான். முதுகுப்பையை இறக்கிவைத்தான். "என்ன மிச்சம் இருக்கு?"

"ஓட்ஸ். பாதி நூடுல்ஸ்" என்றாள் பெர்டி.

ஜோலீன் பையைத் தொப்பென்று போட்டாள். "நாளைக்கு எனக்கு ரெண்டு பர்கர். சொல்லிட்டேன்."

நான் மட்டும் இறங்கி வந்தேன்.

மிச்சத்தைத் திங்கட்கிழமை லோர்னா சொன்னாள். காலையில் முழங்கால் மடங்கவே இல்லையாம். மூன்று பேரும் அவளை ஸ்லீப்பிங் பேக்கோடு வெளியே இழுக்க, கூடாரம் சரிந்து நால்வர் மேலும் விழுந்ததாம். துணிக்கு அடியில் கிடந்தபடியே, "இப்ப அந்த மூஸ் கதையைச் சொல்லுங்க, மெதுவா" என்று கேட்டாளாம். சொன்னார்கள். ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லிச் சண்டை போட்டார்கள்.

டாக்டர் நன்றாகத் திட்டினாராம். அவர் திட்டிக்கொண்டிருக்கும்போதே, செப்டம்பரில் பனி விழும் முன்னால் ஒரு சின்ன ஏரி வரைக்கும் போய் வரலாமா என்று கேட்டிருக்கிறாள்.