ஊர் மாடெல்லாம் ஒரு லேப்டாப்பில்

எங்கள் அத்தையின் லேப்டாப் ஆன் ஆகி முடிப்பதற்குள் ஒரு மாட்டைக் கறந்துவிடலாம். சும்மா பில்டப் இல்லை. எங்கள் ஊர் பால் சொசைட்டிக்கு அத்தைதான் செக்ரட்டரி. விடிகாலையில் போய் லேப்டாப் பட்டனை அமுக்குவார், பக்கத்திலேயே இருக்கும் வீட்டுக்கு வந்து மாட்டைக் கறப்பார், அந்தப் பாலோடு திரும்பிப் போவார். திரையில் அந்த வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும்.

பிறகு சத்தமும் வர ஆரம்பித்தது. டிக், டிக், கர்ர். பல்லி என்று நினைத்து அத்தை மேஜைக்கு அடியில் டார்ச் அடித்துத் தேடியிருக்கிறார். நான் பிசிஏ முடித்துவிட்டு வேலைக்கு அப்ளை பண்ணிக்கொண்டு, அதாவது தூங்கிக்கொண்டு, வீட்டில் இருந்தேன். ஒரு நாள் போய்க் காதை வைத்துக் கேட்டேன்.

"அத்தை, பல்லி இல்லீங்க. ஹார்ட் டிஸ்க்கு. சாகப் போகுது."

"எப்பச் சாகும்?"

"இன்னிக்கும் சாகலாம், அடுத்த வருசமும் சாகலாம்."

"உங்க மாமனாட்டமே இருக்குது" என்றார் அத்தை. ஒட்டியிருந்த வீட்டுக்குள் டிவி பார்த்துக்கொண்டிருந்த மாமா சவுண்டைக் கூட்டினார்.

சிரித்தாலும் அத்தையின் முகம் போன போக்கு சரியில்லை. காரணம் இருக்கிறது. பால் கொண்டுவரும் ஒவ்வொருவர் பாலிலும் துளி எடுத்து ஒரு சின்ன மெஷின் கொழுப்பு பார்க்கும். அதை லேப்டாப் வாங்கி, எடையைச் சேர்த்து, விலை போட்டு, துண்டுச் சீட்டாக அடித்துக் கொடுக்கும். லேப்டாப் படுத்துவிட்டால் கணக்கு பார்க்க வழியில்லை, எல்லாருக்கும் ஒரே விலை. தண்ணிப் பாலுக்கும் கெட்டிப் பாலுக்கும் ஒரே விலை என்றால் என்ன ஆகும் என்று போன மழைக்காலத்தில் ஒரே ஒரு நாள் பார்த்தோம். அத்தையைப் பார்த்து, "உனக்கு வேண்டப்பட்டவங்களுக்கு லாபம் பண்ணிக் குடுக்கறயா?" என்று ஒருவர் கேட்டுவிட்டார். அத்தை அன்று சாப்பிடவில்லை. அப்படி இன்னொரு நாள் வந்துவிடக் கூடாது என்பதுதான் அவர் பயம்.

சிஸ்டத்தைப் புதிதாகப் போடவும் முடியாது. அந்த மெஷினையும் தராசையும் லேப்டாப்போடு பேசவைக்கும் செட்டிங்கை எல்லாம் போட்டுக் கொடுத்த ஆள் வெளிநாடு போய்விட்டார். ஒரே வழி, உள்ளே இருக்கும் அத்தனையையும் அப்படியே, ஒரு பொட்டு விடாமல், புது டிஸ்க்குக்குத் தூக்கிக்கொண்டு போவது.

"காலைப் பால் முடிஞ்சு சாயங்காலப் பால் வர்றதுக்குள்ள முடிச்சுப் போடுவேனுங்க. பொடி வேலை" என்றேன். கெத்தாகத்தான் சொன்னேன்.

கோயம்புத்தூரிலிருந்து புது எஸ்எஸ்டி டிஸ்க் வந்தது. காலைப் பால் லாரி ஏறியதும் உட்கார்ந்தேன். முதல் அடி அங்கேயே விழுந்தது. புது டிஸ்க் வேகம்தான், ஆனால் சின்னது. பழைய டிஸ்க்கோ மூச்சுமுட்ட நிறைந்திருந்தது. எதனால் என்று பார்த்தால், மாடு.

ஊரில் இன்ஷுரன்ஸ் போட்ட மாடு ஒவ்வொன்றும் அதில் இருந்தது. இடப்பக்கம் ஒரு படம், வலப்பக்கம் ஒரு படம், காதில் மாட்டிய மஞ்சள் கம்மல் நம்பர் தெரிய ஒரு படம், சொந்தக்காரரோடு ஒரு படம். கடைசியாக மாடு நடந்து காட்டும் வீடியோ. நடக்கிற மாடு என்று அத்தாட்சி வேண்டுமாம். சொந்தக்காரர்கள் இஸ்திரி போட்ட சட்டையோடு பொண்ணு பார்க்க வந்த மாதிரி நிற்கிறார்கள். மாடுகள்தான் இயல்பாக நிற்கின்றன.

"அத்தை, செத்த மாடு, வித்த மாடெல்லாம் அழிச்சரலாங்களா?"

"அழிக்கறதா? நாளைக்கு மிருகாசுபத்திரி டாக்டரு கேட்டா என்ற மூஞ்சியக் காட்டறதா?"

அந்த நேரம் பார்த்துத் தீவன மூட்டை வாங்க ஓர் அண்ணன் வந்தார். கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் நைட் ஷிஃப்ட் முடித்து, தூக்கக் கண்ணோடு. திரையை எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அம்மிணி, அது எங்க ஊட்டுச் செவலைங்களா?"

அவருடையதுதான். போன தைக்கு முன்னால் காய்ச்சலில் போன மாடு.

"நடக்கறது ஒண்ணு எடுத்தமே. அத ஒருக்கா போடு பாக்கலாம்."

போட்டேன். செவலை மெதுவாக நடந்தது. பாதியில் நின்று, கயிற்றைப் பிடித்திருந்த அவர் சட்டைப் பையை நக்கியது. வீடியோவில் அவர் "சீ, போ கழுதை" என்கிறார். இங்கே நின்றவர், "இன்னொருக்கா" என்றார். இன்னொரு முறை போட்டேன். அவர் வீட்டுக்கு போன் பண்ணி மனைவியை வரச் சொன்னார். அந்த அக்கா பக்கத்து வீட்டு அக்காவோடு வந்தார். பக்கத்து வீட்டு அக்கா தன் கறுப்பியைக் கேட்டார். நான் மணியைப் பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால் பார்க்கத் தோன்றவும் இல்லை. ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு கதை இருந்தது, ஒவ்வொரு கதையிலும் ஒரு மருமகள் திட்டு வாங்கினாள்.

கூட்டம் கலைந்தபோது மத்தியானம். அழிக்கச் சொல்ல இனி எனக்கு வாய் வராது. இருக்கிற குப்பையைத் துடைத்து, பழைய அப்டேட்டுகளைத் தூக்கி, இழுத்துப் பிடித்துக் கொள்ளவைக்கப் பார்த்தேன். அப்படியும் துளி இடம் குறைந்தது. டிஸ்க்கின் ஆரம்பத்தில் பெயரே இல்லாமல் ஒரு குட்டிப் பகுதி தெரிந்தது. யாருக்கு இது, என்ன இதில் என்று காப்பி லிஸ்டில் அதன் டிக்கை எடுத்துவிட்டு மீதியைக் காப்பி போட்டேன்.

கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் இந்நேரம் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். லேப்டாப் விழித்ததும் எங்கே போவது என்று வழிகாட்டுவதே அந்தக் குட்டிப் பகுதிதான்.

புது டிஸ்க்கை உள்ளே வைத்து ஸ்க்ரூ முடுக்கியபோது வெளியே கேன் சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது. பட்டனை அமுக்கினேன். கறுப்புத் திரை. வெள்ளையில் ஒரு வரி.

"ஏம்புள்ள, இங்கிலீஷ்ல என்னமோ எழுதியிருக்குதே. நல்லதா கெட்டதா?" என்றார் அத்தை.

"கெட்டதுங்க."

வரிசையில் எப்போதும் முதலில் நிற்கும் ஊர் மாமா ஒருவர் உண்டு. கேனைக் கீழே வைக்காமலே ஆரம்பித்தார். "படிச்ச புள்ள கையில குடுத்தா இப்பிடித்தானுங்க. ஓடிட்டிருந்தத நிறுத்தியாச்சு. அப்பொறம் எல்லார்த்துக்கும் ஒரே வெலைதானுங்களே?"

அந்த 'ஒரே வெலை' அத்தையைக் குத்தியது எனக்குத் தெரிந்தது. ஆனால் பழைய டிஸ்க் மேஜை மேலேயே, எதுவும் அழியாமல், முழுசாக இருந்தது. புதியதைக் கழற்றி அதையே திரும்ப மாட்டினேன். டிக், டிக், கர்ர். ஜென்மத்தில் அந்தச் சத்தத்தை நான் அவ்வளவு ஆசையாகக் கேட்டதில்லை. வட்டம் சுற்றியது. சுற்றியது. வரிசையில் யாரோ, "தயிராயிருமாட்ட இருக்குதே" என்றார்கள். கடைசியில் திரை வந்தது. மெஷின் பேசியது. அவரவர் பாலுக்கு அவரவர் விலை.

எல்லாரும் போன பிறகு நான் புது டிஸ்க்கை டப்பாவில் போட்டு மூடினேன். "திருப்பி அனுப்பிரலாங்க அத்தை."

"எதுக்கு? பழசக் கெடுக்காமத்தான பண்ணுன. நாளைக்குப் பண்ணு."

"மறுக்கா இப்பிடி ஆச்சுன்னா?"

"ஆச்சுன்னா மறுக்கா பழசப் போடு. நான் பதில் சொல்லிக்கறேன். என்ற மருமவள என்ற முன்னால பேசறதுக்கு அந்த மனுசனுக்கு மாட்டுல கொழுப்பு இல்லாட்டியும் வாயில இருக்குது."

எங்கள் ஊரில் அண்ணன் மகளும் மருமகள்தான். மற்ற நாள் என்றால் அந்தப் பேச்சை எடுத்ததற்கு எகிறியிருப்பேன். அத்தை மகன் என்னைவிடப் பொடியன், பிளஸ் டூகூட முடிக்கவில்லை. அன்று வாயை மூடிக்கொண்டு சிரித்தேன்.

மறுநாள் என் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு போனேன். அதில் பாதி இடத்தை ஒரு கேம் பிடித்திருந்தது. காலேஜ் மூன்று வருடமும் நான் உழைத்து முன்னேறியது அதில் மட்டும்தான்.

"இதென்னுது?" என்று அத்தை கேட்டார்.

"துப்பாக்கிச் சண்டைங்க."

"யாரோட?"

"யார்னே தெரியாதுங்க."

"அப்ப போகட்டும் உடு" என்றார். விட்டேன். கேமை அழித்ததும், அதில் நான் ஜெயித்த ஊரெல்லாம் போன இடத்தில் செவலையும் கறுப்பியும் மற்ற மாடுகளும் நடந்து வந்து நின்றன. பழைய டிஸ்க்கில் இடம் விசாலமானது. இந்தத் தடவை பெயர் இல்லாத குட்டிப் பகுதியிலிருந்து எல்லாவற்றுக்கும் டிக் போட்டேன். மாடு பார்க்க வந்தவர்களை அத்தை வாசலிலேயே நிறுத்தி, "புள்ளைக்குப் பரீட்சை நடக்குது, ஞாயித்துக்கெழம வாங்க" என்று அனுப்பினார்.

முதல் கேன் வருவதற்கு வெகு முன்பே புது டிஸ்க்கை மாட்டிவிட்டேன். பட்டனை அத்தையே அமுக்கினார். வட்டம் சுற்றியதா என்று சண்டை போடலாம், அவ்வளவு வேகம். அத்தை திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கன்னத்தை வலிக்க வலிக்கக் கிள்ளினார். பிறகு தீவனக் கணக்கு சரியாக இருக்கிறதா என்று திறந்து பார்த்தார். என் மேல் அவ்வளவு நம்பிக்கை.

அந்த மாமாதான் அன்றும் முதலில் நின்றார். பாலை ஊற்றினார். சீட்டு சடக்கென்று வந்து விழுந்தது. கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் படித்தார்.

"ஏனுங்க, புது டிஸ்க்கு போட்டாச்சுன்னாங்க. என்ற பாலுக்குக் கொழுப்பு நேத்தாட்டமே காட்டுது?"

"டிஸ்க்குதானுங்க மாத்துனோம். உங்க மாட்ட மாத்தலீங்களே" என்றார் அத்தை.

வரிசையே சிரித்தது. மாமா என் பக்கம் திரும்பினார். "அப்ப அதையும் நாளைக்கு வந்து மாத்திக் குடுத்துரு அம்மிணி."

"எடம் பத்தாதுங்க மாமா" என்றேன். அதற்குள் அத்தை அடுத்த கேனுக்குக் கையை நீட்டியிருந்தார்.