கடைசிப் பக்கத்தை முதலில் பார்த்த ராணி அக்கா

பாரிஸில் லா சப்பல் மரக்கறிக் கடையில் நின்றபோதுதான் ராணி அக்காவின் மகளின் அழைப்பு வந்தது. "மாமா, அம்மா விடிய மோசம் போயிட்டா." சாவுச் செய்தி கேட்ட கவலைக்கு முன்னால் எனக்குப் பயம்தான் வந்தது. தாயைப் பற்றி நான் சொன்னது இந்தப் பிள்ளைக்குத் தெரியுமா?

ராணி அக்காவை அலுவலகங்கள் துப்புரவாக்கப் போகிறவராகவே இந்த அஞ்சலியை வாசிக்கும் உங்களில் பலருக்குத் தெரியும். முன்பு கொழும்பில் அரசாங்க அலுவலகத்தில் சட்ட வரைவுகளைத் தட்டச்சு செய்தவர் அவர். மாகாணசபைச் சட்டத்தை யாராவது புகழ்ந்தால் உதட்டைப் பிதுக்குவார். "குடுக்கிறதை முதல் பக்கத்திலை அடிப்பம், பறிக்கிறதைக் கடைசியிலை. அடிச்ச கைக்குத் தெரியாதே?"

2009இல் போர் முடிந்த பிறகு நாங்கள் ஐந்து பேர் ஒரு கடையின் பின்னறையில் கூடினோம். வடக்கு கிழக்குக்குத் தன்னாட்சிச் சபை அமைக்கும் சட்டம் ஒன்றை நாங்களே வரைந்தோம். எழுதியவன் நான். தலைகால் புரியாத பெருமை. கணினியில் அடித்துத் தரச்சொல்லி அக்காவிடம் கொடுத்தேன். அவர் கடைசித் தாளை உருவி எடுத்தார். அவசரகாலத்தில் சபையைக் கலைக்கவும் தேர்தலைத் தள்ளிவைக்கவும் எங்கள் குழுவுக்கு அதிகாரம் உண்டு என்று அதில் ஒரு பந்தி இருந்தது.

"உந்தப் பந்தியை ஆர் எழுதினது?"

"நான்தான் அக்கா. நாங்கள் பிழையாய்ப் பாவிப்பமே?"

"உமக்குப் பிறகு அந்தக் கதிரையிலை இருக்கப் போறவனிலைதான் எனக்கு ஐமிச்சம்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "உம்மிலையும் அந்தச் சந்தேகம் இருக்கு," என்றார்.

அதை வெட்டும்வரை ஒரு வரியும் அடிக்க மாட்டேன் என்று தாள்களைத் திருப்பித் தந்தார்.

யார் யாருடைய ஆள் என்று எல்லோரும் எல்லோரையும் நோட்டம் விட்ட காலம் அது. அன்று மாலை தேநீர்க் கடையில் இரண்டு பேரிடம் சொன்னேன்: "அவ கொழும்பிலை அரசாங்கத்துக்கு வேலை செய்தவ. கவனம்." எனக்கு இருந்தது சந்தேகமல்ல, ரோசம். ஒரு கிழமைக்குள் அவர் கடைக்குள் நுழைந்தாலே பேச்சு நின்றது. கூட்டங்களுக்கு அழைப்பும் போகவில்லை.

சில மாதங்கள் கழித்து பாரிஸ் புறநகரில் கார்ஜ் ரயில் நிலையத்தில் அவராகவே என்னிடம் வந்தார். "ஆர் தொடக்கினதெண்டு எனக்குத் தெரியும், தம்பி. நான் வாய் திறக்க மாட்டன், திறந்தால் உங்கடை குழு உடைஞ்சிடும். முதல்லை அந்தப் பந்தியை வெட்டும்." நான் பயணச்சீட்டைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

பந்தியை வெட்டினேன். பரப்பிய கதையைத் திரும்பப் பெற எனக்குத் துணிவில்லை. அவர் கடைசிவரை ஒருவரிடமும் சொல்லவில்லை.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது, அதிகாரம் என் கையில் இருக்கும்போது முதலில் என்னையே சந்தேகிப்பது. இத்தனை வருடங்களாக அவரைக் கண்டு முகம் திருப்பியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ராணி அக்கா யாருடைய ஆளும் அல்ல. அந்தக் கதையைக் கட்டியவன் நான்.